பதின்மூன்றாவது பொத்தான்

"அது என் வாக்கியம்."

"வாக்கியத்துக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கீங்களாக்கா?"

"நேத்து காலைல பல்லு விளக்கிக்கிட்டே சொன்னேன். பிரிஞ்சு கெடக்கிறதச் சேர்த்து வைக்கிறதுதான் என் தொழில்னு. நீ குழாயடியில குடம் பிடிச்சிக்கிட்டு, காதுல விழாத மாதிரி..."

"உங்க வாய்ல நுரை இருந்துச்சு. பாதிதான் புரிஞ்சுது. மீதிய நான்தான்..."

"மீதியத் திருடின."

"மீதிய யோசிச்சு எழுதினேன்க்கா."

"ரிப்பன் எதடி சேர்த்து வைக்குது? பொத்தான் சேர்த்து வைக்கும். ரிப்பன் சுத்தி வைக்கும். அவ்வளவுதான்."

"சார் அப்படிச் சொல்லலையே. கையத்தானே தட்டினாரு."

பலகைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. எதிரே கையில் சட்டையோடு நின்ற ஆள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வெள்ளைப் பொத்தான். அது அவர் கைக்கு வர அன்றைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மூத்தவள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் இளையவள். மாமனார் நடத்திய ஒரே கடையை அவர் காலத்துக்குப் பிறகு ஒரு மரப்பலகை இரண்டாக்கியது. மூத்தவள் பக்கம் பொத்தான், ஊசி, நூல்கண்டு, கொக்கி, நாடா. இளையவள் பக்கம் ரிப்பன், லேஸ், பரிசு சுற்றும் தாள். சந்தைக்கு அவர்கள் பொத்தான்காரி, ரிப்பன்காரி. வீடும் ஒன்றுதான், கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். குழாய் மட்டும் பொது.

பொத்தான்காரிக்கு ரிப்பன்காரி மேல் பொறாமை என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எனக்கென்ன பொறாமை, கண்ணுல பட்டதச் சொல்றேன்" என்பாள். இருபத்திரண்டு வருடமாக அவள் கண்ணில் பட்டவை ஏராளம். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு வாளிகளில் இவளுடையதுதான் விரிசல் விட்டது. ஒரே தொட்டியிலிருந்து பிரித்து வைத்த செடியில் அவளுடையது பூத்தது, இவளுடையது இலையாகவே வளர்ந்தது. கொழுந்தனார், தன் பெண்டாட்டி பேசினால் தலையாட்டிக் கேட்பார். இவள் வீட்டுக்காரருக்கு இவள் வாயைத் திறந்ததுமே கொட்டாவி வரும். பால்கூட மேல்மாடியில் பொங்கி வழியாது. அதெப்படி ஒருத்தி அடுப்பில் ஒருநாளும் பொங்கி வழியாது என்று இவள் யோசித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் கீழே இவள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

இப்போது பொறாமைக்குப் பெரிய இடம் ஒன்று கிடைத்திருந்தது. பழைய சந்தையை இடிக்கப்போவதால் பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு கடை. அதில் ஒன்று மூலைக் கடை: இரண்டு தெரு சந்திக்கும் இடம், இரண்டு பக்கமும் வாசல், எதிரே பஸ் நிறுத்தம். இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே: குனிந்துதான் உள்ளே போகவேண்டும், நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். யாருக்கு எது என்று முடிவுசெய்தால் பொல்லாப்பு வரும் என்று சந்தைக் கமிட்டி பயந்தது. பொறுப்பைத் தூக்கி வணிகத் திறன் மேம்பாட்டு மையத்தின் தலையில் வைத்துவிட்டது. மையம் மூன்று மாத வகுப்பு நடத்தும். மதிப்பெண் வரிசைப்படி கடை. முதல் மதிப்பெண்ணுக்கு மூலை, கடைசிக்கு மாடிப்படி.

"ரெண்டுல எது யாருக்குக் கிடைச்சா என்ன, எல்லாம் நம்ம வீட்டுக்குத்தானே" என்றார் பொத்தான்காரியின் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்க மேல போயி சாப்பிடுங்க. அதுவும் நம்ம வீடுதானே" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாள் மையத்தின் இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். மூன்று பொத்தான் வைத்த கோட்டு, மூன்றும் போட்டிருந்தார்.

"நீங்கள் எல்லோரும் இருபது, முப்பது ஆண்டுகளாக வியாபாரம் செய்துவருகிறீர்கள்" என்றார். "அது ஒரு குறைதான். ஆனால் மனம் தளர வேண்டாம். மூன்றே மாதத்தில் சரிசெய்துவிடலாம். என்னை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை எதையும் யாருக்கும் விற்றதில்லை. அதனால்தான் வியாபாரத்தைப் பற்றிய என் பார்வை களங்கப்படாமல் இருக்கிறது."

பின்வரிசையில் பூட்டுக்கடைக்காரர் மட்டும் கைதட்டினார். அவர் எதற்கும் முதலில் கைதட்டிவிடுவார்.

அன்றைக்கே தொலைநோக்கு வாக்கியம் கேட்டார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் தொழிலின் உயர்ந்த நோக்கத்தை ஒரே மூச்சில் சொல்லவேண்டும். மூச்சு விட்டால் அரை மதிப்பெண் போகும். பொத்தான்காரி எழுந்து நின்றாள். காலையில் குழாயடியில் அவ்வளவு அழகாக வந்த வாக்கியம், கோட்டுப் போட்ட ஆளைப் பார்த்ததும் எங்கோ ஓடிவிட்டது.

"பொத்தான் விக்கிறேன்" என்றாள்.

"அது செயல். நோக்கம் என்ன?"

"வித்துட்டு வீட்டுக்குப் போறது."

அடுத்தபடியாக ரிப்பன்காரி எழுந்தாள். "பிரிந்து கிடப்பவற்றைச் சேர்த்து வைப்பதே எங்கள் நோக்கம்" என்றாள். மூச்சு விடவில்லை. இயக்குநரே கைதட்டினார். மறுநாள் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டது அதைப்பற்றித்தான்.

இரண்டாவது பாடம் சந்தைப்படுத்தல். நடத்தியவருக்கு வகுப்பு வைத்த பெயர் அம்புக்குறி. கரும்பலகையில் எதை எழுதினாலும் அதிலிருந்து ஒரு அம்பு போட்டு இன்னொரு வட்டத்துக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து இன்னொரு அம்பு. கடைசியில் எல்லா அம்பும் சுற்றி வந்து முதல் வட்டத்தையே குத்தும்.

"உங்க இலக்கு வாடிக்கையாளர் யாரு?" என்று பொத்தான்காரியைக் கேட்டார்.

"பொத்தான் அறுந்தவங்க."

"ரொம்ப விரிவா இருக்கு. குறுக்குங்க. என்ன வயசு?"

"வயசு பாத்தா சார் பொத்தான் அறும்?"

"அவங்க கனவு என்ன?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பொத்தான் அறுந்து கடைக்கு வருகிறவர் முகம் எதிலும் அவள் கனவைக் கண்டதில்லை. ஒரு கை சட்டையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை அவசரமாக நீளும். "அதே நிறத்துல கிடைக்கணும்கிறதுதான் சார்" என்றாள். நூற்றுக்கு ஒன்பது போட்டார்.

ரிப்பன்காரிக்குத் தொண்ணூற்றாறு. அவள் இலக்கு வாடிக்கையாளர் முப்பத்திரண்டு வயதுப் பெண், காலையில் நடைப்பயிற்சி போகிறவள், ஒரு பூனை வளர்க்கிறாள், பரிசு கொடுப்பதால் உறவு வளரும் என்று நம்புகிறாள். பூனைக்குச் சளி என்றுகூட எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணின் படத்தை வரைந்து மையத்துச் சுவரில் மாட்டினார்கள்.

அடுத்த வாரம் களப் பார்வை. அம்புக்குறி நோட்டோடு வந்து ரிப்பன்காரி கடையில் உட்கார்ந்தார். ஒரு பெரியவர் வந்தார். "அம்மா, ஷூவுக்குக் கட்டுற மாதிரி கருப்பு நாடா ரெண்டு வேணும்."

ரிப்பன்காரி எடுக்கக் கையை நீட்டினாள். அம்புக்குறி இருமினார். அவள் கை நின்றது.

"ஐயாவுக்கு என்ன வயசுங்க?"

"எழுபத்தொண்ணு."

"பூனை வளர்க்கிறீங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"மன்னிச்சுக்கோங்கய்யா. நீங்க எங்க இலக்குல இல்ல."

பெரியவர் பலகையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். பொத்தான்காரி சந்தோஷமாக இரண்டு நாடா கொடுத்தாள். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான் இருந்தது. வகுப்பில் அம்புக்குறி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"இன்னைக்கு நான் ஒரு அபூர்வத்தப் பார்த்தேன். சாதாரணக் கடைக்காரங்க வாடிக்கையாளர் வந்தா வித்துடுவாங்க. வாடிக்கையாளர இழக்கிற துணிச்சல் எல்லாருக்கும் வராது. இவங்களுக்கு வந்திருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். ரிப்பன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையில் எண்ணெய் பளபளத்த விதம்கூடப் பொத்தான்காரிக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது பாடம் கணக்கியல். அதை நடத்தியவர் பேர் இருபக்கம். "எதுவும் ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் வந்தே ஆகணும்" என்பார். பேனா கீழே விழுந்தால்கூட மேசைக்குப் பற்று, தரைக்கு வரவு என்று சொல்லிவிட்டுத்தான் குனிந்து எடுப்பார். அவர் பொத்தான்காரியின் இருப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை ஒரு டஜன் வித்திருக்கீங்க."

"ஆமா சார்."

"ஆனா இருப்புல பதின்மூணு குறையுது."

"கொசுறு சார்."

"அப்படின்னா?"

அவளுக்கு இதை யாருக்கும் விளக்கி வழக்கமில்லை. பொத்தான்காரி கடையில் கல்லாவுக்கு வலது பக்கம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். ஜோடி தவறிய பொத்தான், மீந்த பொத்தான், ஓரம் தேய்ந்த சிப்பிப் பொத்தான் எல்லாம் அதில் கிடக்கும். டஜன் வாங்குகிறவர்கள் அதில் கையை விட்டு அளைந்து பிடித்தது ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். வாங்கிய பன்னிரண்டையும் பையில் போட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். மாமனார் காலத்து வழக்கம். பலகை போட்டபோது டப்பா இவள் பக்கம் வந்துவிட்டது. ரிப்பன்காரி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நூல்கூடச் சும்மா கொடுத்ததில்லை.

"அவங்க காசு குடுத்தாங்களா?"

"இல்ல சார். சும்மாதான்."

"அப்ப நஷ்டம்."

"நஷ்டம்னா நான் ஏன் சார் சிரிச்சிக்கிட்டே குடுப்பேன்?"

இருபக்கத்துக்கு வேர்த்துவிட்டது. நஷ்டம் என்றால் மறுநாள் அதே ஆள் வந்து இன்னொரு டஜன் வாங்குகிறார். செலவு என்றால் ரசீது இல்லை. விளம்பரம் என்றால் அதை யாரும் விளம்பரப்படுத்தவில்லை. அவர் புத்தகத்தை மூடினார், இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு ஓடினார்.

மறுநாள் வகுப்பு ரத்து. கொசுறு ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று வாரம் கூடியது. தலைக்கு ஒரு டஜன் பொத்தான் வாங்கிச் சோதித்தார்கள். கொசுறு எடுக்கும்போது ஆட்களின் முகம் மாறுவதைப் படம் பிடித்தார்கள். இருபக்கம் டப்பாவில் கைவிட்டு வெகுநேரம் அளைந்தார். கடைசியில் ஒரு பச்சைப் பொத்தானை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை எந்தப் பக்கத்தில் எழுதினார் என்பது தெரியவில்லை.

நான்காவது வாரம் இயக்குநர் அறிக்கை வாசித்தார்.

"அன்பர்களே, நம் நடுவே ஒரு பெரும் வணிகக் கருத்து இத்தனை காலம் பெயரில்லாமல் அலைந்திருக்கிறது. அதற்கு மையம் இன்று பெயர் சூட்டுகிறது. பின்விற்பனை நல்லெண்ண அலகு. இனி எந்த வாடிக்கையாளருக்கும் அலகு வழங்குமுன் மூன்று படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். வெள்ளைப் படிவம் கடைக்கு, மஞ்சள் மையத்துக்கு, இளஞ்சிவப்பு வாடிக்கையாளருக்கு. மகிழ்ச்சியை நாங்கள் தடுக்கவில்லை. அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம்."

பிறகு அவர் கையை நீட்டி, "இதைக் கண்டுபிடித்தவர் இதோ" என்றார்.

பொத்தான்காரிக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள். பூட்டுக்காரர் அவள் முதுகில் தட்டி, "உங்களத்தான், எழுந்திருங்க" என்றார். எழுந்தாள். முப்பத்தொன்பது பேர் கைதட்டினார்கள். தட்டாத ஒரு ஜோடிக் கை பக்கத்திலேயே இருந்தது. ரிப்பன்காரியின் முகம் வாடி, கீழுதடு கொஞ்சம் தொங்கியிருந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் பொத்தான்காரிக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். கேட்டார்கள், கொடுத்தாள். டப்பாவைக் கேட்டார்கள்.

"பதிவு செய்யப்படாத இருப்பை வெளியில் விடக்கூடாது" என்று மையம் அதை வாங்கி, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. கீழே ஒரு அட்டை: நல்லெண்ண அலகு, தொடக்கக் காலத்தது. அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தை வீட்டில் குழாய்க்கு நேர் எதிரே மாட்டினாள், குடம் பிடிக்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி.

"டப்பாவ ஏங்க்கா குடுத்தீங்க? அது மாமா டப்பா" என்றாள் ரிப்பன்காரி.

"உனக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கா?"

"குடம் நிரம்பி வழியுது, பாரு."

அன்றிலிருந்து பொத்தான்காரி படித்தாள். அம்புக்குறி போட்ட அம்புகளை எல்லாம் கணக்குப்பார்த்து வரைந்தாள். வாடிக்கையாளர் கனவுகளை மனப்பாடம் செய்தாள். தூக்கத்தில் "வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு" என்று சொன்னதாக வீட்டுக்காரர் புகார் செய்தார். தேர்வுக்கு முன்னால் வரிசை இப்படி இருந்தது: ரிப்பன்காரி முதல், பொத்தான்காரி இரண்டாவது, நடுவில் இரண்டே மதிப்பெண்.

இறுதித் தேர்வு மையத்தின் கூடத்தில். ஒரு மேசையும் அட்டை அலமாரியும் போட்டு மாதிரிக் கடை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளராக நடித்தவர் அம்புக்குறி. பாத்திரம்: தயங்கும் வாடிக்கையாளர். அவருக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

பொத்தான்காரி ஒரு டஜன் எண்ணிக் கொடுத்தாள். பிறகு படிவங்களை விரித்தாள்.

"ஐயா, பின்விற்பனை நல்லெண்ண அலகு ஒன்னு பெற்றுக்கொள்ள விரும்புறீங்களா?"

"தயங்குறேன்."

"தயக்கத்துக்குக் காரணம் ஆறாவது கட்டத்துல. அலகால உங்களுக்கு ஏற்படப்போற மகிழ்ச்சி, குறைவு, நடுத்தரம், மிகுதி. ஒன்ன வட்டம் போடுங்க. வீட்டுல எத்தனை சட்டை? அதுல முழுக்கை எத்தனை?"

இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. முடிவில் அம்புக்குறி ஒரு பொத்தானை வாங்கிக்கொண்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மூன்று மதிப்பெண் ஏன் போயிற்று என்று கேட்டாள்.

"படிவத்துக்கு முன்னாடியே சிரிச்சிட்டீங்க. சிரிப்பு பின்னிணைப்புலதான் வருது" என்றார் இருபக்கம்.

அடுத்தது ரிப்பன்காரி. அவள் மேசைக்குப் பின்னால் போய் நின்றபோது தேர்வாளர்களுக்குத் தேநீர் வந்தது. இயக்குநர், அம்புக்குறி, இருபக்கம் மூவரும் உள்ளறைக்குப் போனார்கள். அப்போதுதான் கூடத்துக்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் மூட்டைபோல் பை. ஒன்றின் காது அறுந்து, பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஏங்க, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவும் தேர்வோ என்று எல்லோருக்கும் சந்தேகம். அந்த அம்மாளின் பை நழுவியது. உள்ளே இருந்த வெங்காயம் இரண்டு தரையில் உருண்டது.

ரிப்பன்காரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தேர்வுக்கென்று வைத்திருந்த நீல ரிப்பனில் கொஞ்சம் உருவிக் கத்தரித்தாள், பையின் அறுந்த காதை இழுத்து முடிச்சுப் போட்டாள், வெங்காயத்தைப் பொறுக்கி உள்ளே போட்டாள்.

"எவ்வளவும்மா?"

"பரவால்லைங்க, இருக்கட்டும். மாடியில இடது பக்கம் போங்க."

அந்த அம்மாள் போய்விட்டார். தேர்வாளர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இருபக்கம் வழக்கம்போல ரிப்பன் உருளையை அளந்து பார்த்தார். இன்னொரு முறை அளந்தார்.

"நாற்பது சென்டிமீட்டர் எங்க?"

கூடத்தில் நாற்பது பேர் மேற்கூரையைப் பார்த்தார்கள். மேற்கூரையில் ஒரு மின்விசிறி ஓடியது.

"சார், வெய்யில்ல ரிப்பன் சுருங்கும் சார்" என்றார் பூட்டுக்காரர்.

"இங்க ஏது வெய்யில்?"

"அளவுகோல் நீண்டிருக்கும் சார்" என்றார் செருப்புக்கடைக்காரர்.

இயக்குநர் புன்னகைத்தார். சிறு வித்தியாசம்தான், விட்டுவிடலாம் என்பதுபோல் பேனாவை எடுத்தார். பேனா ரிப்பன்காரியின் பெயருக்கு எதிரே இறங்கியது. பொத்தான்காரி அந்தப் பேனாவையே பார்த்தாள். அதன் முனையில் மூலைக் கடை இருந்தது, இரண்டு வாசலோடு.

"அவதான் குடுத்தா" என்றாள். "பாத்ரூம் கேட்டு ஒரு அம்மா வந்தாங்க. காசு வாங்கல. படிவமும் இல்ல. நான் பார்த்தேன்."

ரிப்பன்காரி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"வருத்தத்துக்குரியது" என்றார் இயக்குநர். "ஒரு மகிழ்ச்சி நடந்திருக்கிறது. பதிவாகவில்லை. அது இப்போது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. நாளைக்கு எல்லோரும் இப்படிப் பதிவில்லாமல் மகிழ்ந்தால் இந்த மையம் எதற்கு?"

அந்தக் கேள்விக்குப் பூட்டுக்காரர் மட்டும் கைதட்டினார். தட்டியபிறகு கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ரிப்பன்காரிக்குப் பூஜ்யம், வரிசையில் கடைசி இடம்.

வாசலில் ரிப்பன்காரி இவளுக்காக நின்றாள். "என்னமோ கை தானாப் போயிருச்சுக்கா. இருபத்திரண்டு வருஷமா பலகைக்கு அந்தப் பக்கம் உங்களையே பார்த்துக்கிட்டிருந்தேன்ல" என்றாள். அதற்குப்பிறகு இவளோடு பேசவில்லை.

புதுக் கட்டடம் திறந்தது. மூலைக் கடைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே சான்றிதழ், முப்பத்திரண்டு வயதுப் பெண்ணின் படம் ஒன்று (பூனையோடு), மேசைமேல் மூன்று நிறத்தில் படிவக் கட்டு. பழைய ஆட்கள் வந்தார்கள். டஜன் வாங்கினார்கள். வாங்கியதும் அவர்கள் கை தானாக வலது பக்கம் போனது, டப்பா இருந்த இடத்துக்கு. அங்கே பேனா இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள் பொத்தான்காரி.

"எதுக்கும்மா?"

"கொசுறுக்கு."

ஒரு தையல்காரம்மாள் படிவத்தைப் படித்தார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஒத்தப் பொத்தானுக்கு எங்க வீட்டுக்காரரோட முழுக்கைச் சட்டை எத்தனைன்னு எதுக்கும்மா? அவரே எண்ணினது கிடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறு வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரம் யாருமே அவ்வளவாக வரவில்லை.

இரண்டு வாசல் என்பதில் ஒரு தொல்லை இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரிந்தது. கண்ணாடி வழியாக நேர் எதிரே மாடிப்படி. அதன் கீழே ஆட்கள் குனிந்து போனார்கள், குனிந்து வந்தார்கள், வரும்போது எதையோ உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அந்தத் தையல்காரம்மாள் போனார். எழுபத்தொரு வயதுப் பெரியவர் போனார், நிமிர்ந்து மண்டையை இடித்துக்கொண்டு சிரித்தார். ஒருநாள் இருபக்கம்கூடப் போனார், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு. போகட்டும் என்று கண்ணை மூடினால் இவள் வீட்டுக்காரரே குனிந்து உள்ளே போவது தெரிந்தது.

"அங்க என்னங்க வேலை உங்களுக்கு?"

"சும்மாதான். தம்பியப் பாக்க."

"தம்பி வீட்டுலதானே இருக்காரு."

அவர் கொட்டாவி விட்டார்.

அம்புக்குறி களப் பார்வைக்கு வந்தார். மதியம்வரை உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"வாடிக்கையாளர இழக்கிற துணிச்சல்னு சொன்னேனே. இப்படி மொத்தமா யாரும் சாதிச்சதில்ல" என்று பொத்தான்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாதக் கடைசியில் மையத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நல்லெண்ணப் படிவங்களைக் கட்டாகக் கட்டி அனுப்பவேண்டும். கட்டுவதற்குச் சிவப்பு ரிப்பன்தான் செல்லும். இவளிடம் படிவங்கள் ஏழுதான் நிரம்பியிருந்தன. நிரம்பாததையும் கட்டி அனுப்பவேண்டும் என்று கீழே குறிப்பு இருந்தது.

"குடு, நான் போயி வாங்கிட்டு வரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க போகவே வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டு அவளே கிளம்பினாள். அத்தனை பேரும் அப்படி என்னத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாகவேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே குனிந்தாள். உள்ளே நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவளைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டார்கள். ரிப்பன்காரி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலது பக்கம் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் துண்டு ரிப்பன், துண்டு லேஸ், சாண் அளவு, விரல் அளவு, எல்லா நிறத்திலும் சுருண்டு கிடந்தது.

"சிவப்பு ரெண்டு மீட்டர்" என்றாள் பொத்தான்காரி, யாரையும் பார்க்காமல்.

ரிப்பன்காரி அளந்தாள். கத்தரித்தாள். சுற்றித் தாளில் வைத்தாள். இவள் காசை வைத்தாள். அதோடு போயிருக்கலாம். போகமுடியவில்லை.

"இந்த டப்பாவும் என்னப் பார்த்து வச்சதுதானே?"

"ஆமா."

"அந்த வாக்கியம் மாதிரி."

"ஆமாக்கா. அந்த வாக்கியம் மாதிரிதான்."

பொத்தான்காரி நிமிரப் பார்த்தாள், தலை படியில் இடித்தது. ரிப்பன்காரி எழுந்திருக்க வாய்ப்பில்லாத அந்த இடத்தில் உட்கார்ந்தபடியே டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து இவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"கையை விட்டு எடுங்கக்கா. எது பிடிக்குதோ அது. கையெழுத்தெல்லாம் வேணாம்."